வீடு பார்க்கப் போனவர்

மாங்குளம் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி எடுப்பது, ரெலிபோனுக்குக் காசு ஏற்றுவது, பாஸ்போட், விசாப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என்று நாள் போகும். வருகிற எல்லோருக்கும் அவசரம்தான். ஒருவருக்கு பஸ் வெளிக்கிடப் போகிறது, இன்னொருவருக்கு அரசாங்கக் கந்தோர் பூட்டப் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால், தகரக் கூரையின் நிழலுக்கும் வெளியே, குடையில்லாமல் ஒரு பெண் நிற்பார். நான் கண்டு கூப்பிட்டால், "நீங்க அவையளைப் பாருங்கோ பிள்ளை. எனக்கு அவசரமில்லை" என்பார்.

ஒருநாள் அப்படி இரண்டு மணித்தியாலம் நின்றார். சனம் குறைந்து நான் வாங்கிப் பார்த்தபோது அது அவருடைய கிளினிக் அட்டை. பிரஷருக்கு மருந்து எடுக்க அதன் கொப்பி ஒன்று வேண்டுமாம். கிளினிக் பன்னிரண்டு மணியோடு முடிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அரை நிமிசத்தில எடுத்துத் தந்திருப்பனே!"

"பரவாயில்லை பிள்ளை. அடுத்த மாதம் போறன். ஏன் ஆக்களுக்குக் கரைச்சல்."

கரைச்சல் என்றால் எங்கள் பக்கத்தில் தொந்தரவு. அவர் வாயில் அதிகம் கேட்ட சொல் அதுதான். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டிருந்தால், "என்ர பேர் ஏன் பிள்ளை" என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவரைத் தெரியும். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்து, வன்னிக்கு வந்தது. அவருடைய குடும்பம் மலையகத்தில் கலவரக்காரர் வீட்டைக் கொளுத்தியபோது, உடுத்த துணியோடு வந்தது. எங்களுக்கு வயல் இருந்தது. அவர்கள் அந்த வயலுக்கு வேலைக்கு வந்தார்கள். கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த ஒருநாள் அவருடைய காலில் தேள் கொட்டிவிட்டது. சேலைக் கரையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு பொழுதுபடும்வரை பிடுங்கினார். காலைக் கழுவ வந்தபோதுதான் அம்மா வீக்கத்தைக் கண்டார்.

"ஐயோ, ஏன் சொல்லேல்லை?"

"எல்லாரும் வேலை செய்யிற நேரம்... நிண்டிடுமே எண்டுதான்."

அம்மா அதைப் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி மெச்சினார். தங்கமான மனுசி, வாய் திறக்க மாட்டாள் என்றார். அதே அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு தகரப் பேணியை வேலிக் கம்பில் தனியாகக் கொழுவி வைத்திருந்தார். அவரும் ஒருநாளும் மற்றப் பாத்திரத்தில் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. இவர்கள் மலையை விட்டு இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னர், கலியாணம் முடித்த கையோடு புருசனுக்கு இந்தியக் குடியுரிமைக் கடதாசி வந்து, அக்கா கப்பலேறிப் போய்விட்டார். ஒரே வயிற்றில் பிறந்த ஒருத்தி இந்தியாக்காரி, மற்றவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை என்று கடதாசியில் பிரித்தார்கள். இவருக்கு அடையாள அட்டை கிடைத்தபோது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அக்காவிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம் வரும். புதுக்கோட்டைக்குப் பக்கத்து விலாசம். வந்த கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார். பதில் எழுதித் தரட்டுமா என்று நான் கேட்டால், "உங்களுக்கு வேலை கிடக்கு, பிறகு பாப்பம்" என்பார். பிறகு என்பது சில வேளை ஒரு வருசம்.

யுத்தம் முடிந்த பிறகு சந்தியிலிருந்து உள்ளே மூன்று கட்டை தூரம் தள்ளி ஒரு மாடி வீடு எழும்பியது. கட்டியவர்கள் எனக்குப் படிப்பித்த ரீச்சரும் அவருடைய கணவரும். பிள்ளைகள் கனடாவில். ரீச்சருக்கு இங்கத்தை வெயில் ஒத்துவரவில்லையா, தனிமை ஒத்துவரவில்லையா தெரியாது, ஒரு வருசத்தில், யுத்த காலத்தில் போயிருந்து திருச்சியில் வாங்கிய வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். வன்னி வீட்டின் திறப்பு, அதாவது சாவி, இவர் கைக்கு வந்தது. புருசனும் போய், பிள்ளைகளும் இல்லாமல் இருந்த அவருக்கு இது பெரிய உதவி என்று எல்லோரும் சொன்னோம்.

விடிய எழும்பி மேல்மாடி யன்னல்கள் எல்லாவற்றையும் திறப்பார். பொழுதுபடப் பூட்டுவார். அறையில் கட்டிலும் மின்விசிறியும் இருந்தன. அவர் படுத்தது விறாந்தையில் பாய் போட்டு. குசினியில் காஸ் அடுப்பு இருந்தது. அவர் சமைத்தது பின்வளவில் மூன்று கல் வைத்து. "காஸ் முடிஞ்சால் அவையளுக்குச் சொல்ல வேணுமே பிள்ளை" என்றார். ஒரு மாரியில் கூரை ஒழுகியபோது இரவிரவாக வாளி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். ரீச்சருக்கு அது தெரிய வந்தது தை மாதத்தில், நான் சொல்லி.

அந்த ரீச்சர்தான் ஒருநாள் கடைக்கு ரெலிபோன் எடுத்தார்.

"மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு மாதம் கனடா போறம். இங்க திருச்சி வீட்டை நம்பி விட ஆளில்லை. அவா வந்து நிப்பாவோ எண்டு கேட்டுச் சொல்லும்."

நான் கேட்டேன். "திருச்சியில இருந்து புதுக்கோட்டை எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று கேட்டார். ரெலிபோனில் பார்த்துச் சொன்னேன்.

"ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒண்டரை."

பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விசாப் படிவத்தில் இந்தியாவில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. நான் அக்காவின் பெயரைக் கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. பேரைப் போட்டால் அவவைப் போய் விசாரிப்பினம். வயசான காலத்தில அவவுக்கு ஏன் கரைச்சல்" என்றார். இல்லை என்று போட்டேன். எனக்கும் அது சுகமாக இருந்தது. உறவினர் என்றால் இன்னும் நாலு பெட்டி நிரப்ப வேண்டும்.

கப்பல் காங்கேசன்துறையிலிருந்து பின்னேரம் போவது. அவர் விடிய முதல் பஸ் பிடித்துப் போய்க் காலை எட்டு மணிக்கே துறைமுக வாசலில் இருந்துவிட்டார். பயணச்சீட்டு எடுத்தது என்னுடைய நம்பரில். கடல் சரியில்லை, இன்று கப்பல் இல்லை என்ற செய்தி காலையிலேயே எனக்கு வந்திருக்கிறது. அன்று கடையில் பள்ளிக்கூட அனுமதிப் படிவங்களுக்குச் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. நான் பார்த்தது ஒரு மணிக்கு.

"அக்கா, இண்டைக்குக் கப்பல் இல்லையாம். நாளைக்கும் இல்லை. நாளையிண்டைக்குத்தான். திரும்பி வாங்கோ."

"வந்திட்டு ஏன் பிறகும் போவான். இங்க தெரிஞ்ச ஆக்கள் வீட்டில நிக்கிறன். நீங்க யோசிக்காதேங்கோ."

அவருக்கு அங்கே தெரிந்த ஆட்கள் ஒருவரும் இல்லை. இரண்டு நாளும் ஒரு கோயில் மடத்தில் இருந்திருக்கிறார். மதியம் அன்னதானம், மற்ற நேரத்துக்குத் தண்ணீர். இது எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

ரீச்சரவை, அவரும் கணவரும், விமானம் ஏறும் நாள் பின்போடக் கூடியதல்ல. "திறப்பை முன்வீட்டு மனுசனிட்டக் குடுத்திட்டுப் போறம். பெல் அடிச்சு வாங்கச் சொல்லும்" என்றார்கள். சொன்னேன். அங்கே இறங்கியதும் உங்கள் ரெலிபோன் வேலை செய்யும் என்றும் சொன்னேன். அது வேலை செய்யவில்லை.

நாகப்பட்டினத்தில் அவர் இறங்கியபோது மாலை. கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"வீடு பார்க்க."

"வீடு பாக்கவா? வாங்கவா, வாடகைக்கா?"

எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பது என்றால் காவல் இருப்பது. அவர்களுக்கு அது வேறு. இவர் பயந்துவிட்டார். பயந்தால் இவருடைய பேச்சு தாயின் மலைநாட்டுப் பேச்சாக மாறிவிடும்.

"இல்லீங்க, வாங்க இல்லீங்க. பூட்டிக் கிடக்கிற வீட்டுல இருக்கிறதுக்குங்க."

அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அவரை ஒரு பக்கம் நிற்கச் சொல்லி, இந்தியாவில் சொந்தக்காரர் உண்டா என்று கேட்டார்கள். நான் நிரப்பியபடியே, இல்லை என்றார். பையைத் திறந்தார்கள். ரீச்சருக்கென்று ஓலைக் கூட்டில் கட்டிய பனங்கட்டிக் குட்டான், அக்காவுக்கென்று இடித்து அரித்த ஒடியல் மா. அந்த மாவை மணந்து பார்த்து, விரலில் தொட்டுப் பார்த்து, வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பனங்கிழங்கைக் காய வைத்து இடித்தது என்று இவருக்கு விளங்கப்படுத்த வரவில்லை. அதற்குக் கீழே பொலித்தீன் பையில் கடிதங்கள்.

"அன்புள்ள தங்கச்சிக்குன்னு போட்டிருக்கு. அக்கா புதுக்கோட்டையில. நீங்க யாருமே இல்லேங்கிறீங்க?"

இரண்டரை மணித்தியாலம் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தார். ரீச்சரின் நம்பர் எழுதிய துண்டு மடியில் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்கள் பயணம் வெளிக்கிடும் நேரமாம். கடைசியில் ஒரு பெண் அதிகாரி வந்து ஒரு கடிதத்தை முழுக்க வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுப் பையைத் தானே கட்டிக் கொடுத்து, "போங்கம்மா, அக்காவைப் போய்ப் பாருங்க" என்றிருக்கிறார். மாவை மட்டும் விடவில்லை. வெளியே வந்தபோது திருச்சி பஸ் போய்விட்டது. விடிந்துதான் அடுத்தது பிடித்தார்.

திருச்சியில் வீட்டைக் கண்டுபிடித்தபோது பகல் பன்னிரண்டு. கேற் பூட்டு. எதிரே திறப்பு வைத்திருந்தவரின் வீடு. ஒரு பெல் அடித்தால் முடிந்தது. சாப்பிட்டுப் படுக்கிற நேரம் என்று நினைத்து, அவர் வெளியே வரும்வரை இருப்போம் என்று மதிலோரம் பையை அணைத்துக்கொண்டு குந்திவிட்டார். அந்த மனிதர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்காரர் ஊருக்குப் போன மறுநாள் அறிமுகமில்லாத ஒருத்தி வந்து மூன்று மணித்தியாலம் வீட்டையே பார்த்துக்கொண்டு இருந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள். மூன்றரைக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள்.

எனக்கு அழைப்பு வந்தது அப்போதுதான்.

"இந்த அம்மாகிட்ட உங்க நம்பர் இருக்கு. சிலோன்னு சொல்றாங்க. அகதியா? யாரு இவங்க?"

"அகதி இல்லை சேர். அந்த வீட்டைப் பாக்க... காவல் இருக்க வந்தவா. திறப்பு முன்வீட்டில இருக்கு. அவரைக் கேளுங்கோ."

"உங்களுக்கு என்ன வேணும் இவங்க?"

"எங்கட ஆள்" என்றேன். பின்னால் அவருடைய குரல் கேட்டது. "அந்தப் புள்ளைக்குக் கரைச்சல் குடுக்காதீங்க ஐயா, கடையில ஆளுங்க நிப்பாங்க."

முன்வீட்டுக்காரர் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். தலையில் கை வைத்தார். பெல் அடித்திருக்கக் கூடாதா என்று கேட்டார். பாவம், அவரும் நல்ல மனிதர்தான்.

ரீச்சர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். எந்தத் தண்ணீர் எந்த நேரம் வரும், குப்பை எப்போது எடுப்பார்கள் என்பதோடு, "ஒருவரையும் உள்ளே விட வேண்டாம்" என்று ஒரு வரி. சாமான் விற்க வருகிறவர்களை நினைத்து எழுதியது. கேற்றில் ஒரு கமரா இருந்தது. கனடாவில் இருந்தபடியே அதில் பார்க்கலாம் என்று ரீச்சர் விளையாட்டாகச் சொல்லியிருந்தார். இவர் அந்தக் கமராவுக்குக் கீழே போகும்போது சேலையைச் சரிசெய்துகொள்வாராம்.

முன்வீட்டுக்காரர் உள்ளூர் சிம் ஒன்று எடுத்துக் கொடுத்ததால் வாரத்தில் ஒருநாள் நாங்கள் கதைப்போம்.

"அக்காவைப் போய்ப் பாத்தாச்சே?"

"வீட்டை விட்டிட்டு எப்பிடிப் போறது பிள்ளை. அவையள் வரட்டும், கேட்டிட்டுப் போறன்."

"ரீச்சரிட்ட நான் கேக்கட்டே? ஒரு நாள்தானே."

"வேண்டாம், வேண்டாம். அங்க பிள்ளைப்பெறு நேரம்."

நான் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளின் படிவத்துக்குப் போய்விட்டேன். எதையும் கேட்காத ஒரு ஆளோடு பழகுவது மற்றவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அக்கா கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்த நம்பருக்கு எடுத்துக் கதைத்திருக்கிறார். நாற்பது வருசத்துக்கு மேல் கேட்காத குரல். நீ வர முடியாட்டி நான் வாரேன் என்று அக்கா சொல்லி, ஒரு புதன்கிழமை தனியாக பஸ் ஏறி வந்தும் விட்டார். எழுபது தாண்டியவர், முழங்கால் நோக்காடு. ஒரு தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்.

இவர் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார். கட்டிப் பிடித்து அழுதார்கள். பிறகு இவர் உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து, கேற்றுக்கு வெளியே, மதில் நிழலில் விரித்தார்.

திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் இதை எனக்குச் சொன்னார். நான் நம்பவில்லை.

"உள்ளுக்குக் கூப்பிடேல்லையே?"

"இல்லை பிள்ளை."

"சொந்த அக்காவை?"

"ஒருத்தரையும் விட வேண்டாமெண்டு எழுதிக் கிடந்தது."

"ரீச்சருக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் உடன விடச் சொல்லியிருப்பாவே!"

"அங்க அப்ப ராத்திரி. ரெண்டு மணி. பிள்ளை பிறந்த வீடு. எப்பிடி எழுப்புறது?"

பகல் முழுக்க அந்தப் பாயில் இருந்து கதைத்திருக்கிறார்கள். தேத்தண்ணியும் சோறும் உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூன்று மணியளவில் அக்கா, "ஒன்னுக்குப் போகணும்டி" என்று சொல்லியிருக்கிறார். வீட்டின் பின்பக்கம் வேலையாட்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. ஆனால் அதுவும் கேற்றுக்கு உள்ளே. இவர் கேற்றைப் பார்த்திருக்கிறார், கமராவைப் பார்த்திருக்கிறார். பிறகு, தெருமுனைத் தேத்தண்ணிக் கடையில் கேட்டுப் பார்ப்போமா என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா தூக்குச்சட்டியை எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பஸ் நிறுத்தம்வரை இவர் பின்னாலேயே போயிருக்கிறார். பஸ் ஏறும்போது அக்கா சொன்னது ஒன்றுதான். "என்னையத் தெருவுல வச்சுப் பேசி அனுப்பிட்டல்ல." அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தும் அக்கா ரெலிபோனைத் தூக்கவில்லை.

ரீச்சரவை கனடாவில் இன்னும் இரண்டு கிழமை நின்றார்கள். அவர்கள் வந்த மறுநாள் இவருடைய விசா முடிகிறது. புதுக்கோட்டைக்கு நேரமில்லாமலே கப்பலேறி வந்துவிட்டார்.

எனக்குக் கவலையும் கோபமும் சேர்ந்து வந்தது. "உங்களுக்கு ஏன் அக்கா இந்த வாயைக் கடவுள் தந்தவர்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அன்று கடையில் வேறு ஒருவரும் இல்லை. அவர் ஒருநாளும் சொல்லாத கதை ஒன்றைச் சொன்னார்.

யுத்தம் முடிந்து வவுனியாவுக்குப் பக்கத்து முகாமில் இருந்தபோது அவருடைய புருசனுக்குக் காய்ச்சல். டொக்டரிடம் காட்ட வரிசை. விடியப் போய் நின்றும், கைப்பிள்ளையோடு வருகிற பெண்களைக் கண்டால் இவர் விலகி வழி விட்டிருக்கிறார். முதல் நாள் இலக்கத் துண்டு முடிந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வரிசைக்கு வெளிக்கிடத் தேவை இருக்கவில்லை.

"என்ர மனுசனுக்குக் கடுமை, என்னை விடுங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்லை பிள்ளை. புள்ளப் பெத்தவங்க நின்னாங்க. நெஞ்சுக்குள்ள சொல்லிக்கொண்டுதான் நிண்டனான். வெளியில வரேல்லை." கடை மேசையின் விளிம்பை விரலால் துடைத்தார். "இது நல்ல குணமெண்டு எல்லாரும் சொல்லுவினம். உங்கட அம்மாவும் சொல்லுவா. நல்ல குணமில்லை. பயம். சின்னனில இருந்தே பயம். இது எங்கட இடமில்லை, சத்தம் போட்டால் எழும்பிப் போ எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு."

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். மாடி வீட்டின் யன்னல்கள் வழமைபோலத் திறந்தன, பூட்டின. மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து அக்காவின் நம்பருக்கு எடுக்கச் சொல்லுவார். மணி அடித்து ஓயும். "வேலையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியாக வந்த அன்று முகம் சாம்பல் பூத்தமாதிரிக் கிடந்தது.

"சுகமில்லையே அக்கா?"

"வெயில் பிள்ளை."

எட்டுப் பேர் கொப்பிக்கு நின்றார்கள். வெயில் என்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பால் கொண்டுபோனவர் கண்டார். மேல்மாடி யன்னல்கள் காலையிலேயே திறந்திருந்தன. அவர் விறாந்தைப் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னுடைய அண்ணாதான் கொள்ளி வைத்தார். ரீச்சர் ரெலிபோனில் விக்கி விக்கி அழுதார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ஆஸ்பத்திரியில் காட்டியிருப்போமே என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

காடாத்து, சாம்பல் அள்ளும் சடங்கு, முடிந்த அன்று என்னுடைய சொந்த ரெலிபோனிலிருந்து புதுக்கோட்டைக்கு எடுத்தேன். புது நம்பர் என்பதால் அக்கா தூக்கினார். சொன்னேன்.

"கொள்ளி யாரு வச்சது?"

சொன்னேன்.

"போன்ல மணி அடிக்கிறப்பல்லாம் அவதான்னு தெரியும். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த வீட்ட உள்ள போயிப் பாக்கணும் கண்ணு. அவ மூணு மாசம் எங்க படுத்திருந்தான்னு பாக்கணும். விடுவாங்களா?" என்று கேட்டார்.

ரீச்சருக்கு அப்போதே செய்தி அனுப்பினேன், அக்காவை ஏன் அன்று உள்ளே விடவில்லை என்பதையும் சேர்த்து. ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. "ஐயோ, தாராளமா வரட்டும். இதுக்கெல்லாம் கேக்க வேணுமே."

அக்கா அந்தக் கிழமையே போனார். ரீச்சர் கேற்றடிக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். அன்று பின்னேரம் ரீச்சர் எனக்கு எடுத்து ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

"இவா வேற மாதிரி. எல்லா அறையையும் திறந்து காட்டச் சொன்னா. தேத்தண்ணி கேட்டா, சீனி காணாது எண்டு இன்னும் போடச் சொன்னா. சாப்பிட்டிட்டுக் கொஞ்சம் படுக்க வேணும், கட்டிலைக் காட்டுங்கோ எண்டா. ரெண்டு மணித்தியாலம் நல்ல நித்திரை. தங்கச்சிக்கு எதிர்மாறு."

அக்காவும் பஸ்ஸில் இருந்தபடி எனக்கு எடுத்தார். பின்னால் கொண்டக்டரின் விசில் சத்தம்.

"குசினிக்குப் பக்கத்துல தரையிலதான் படுத்திருந்தாளாம் கண்ணு. மெத்தை போட்ட ரூமு பக்கத்துலயே இருக்கு."

"ஓம் அம்மா. அவா அப்பிடித்தான்."

"நான் எல்லாம் கேட்டேன். டீ கேட்டேன். ஃபேனப் போடச் சொன்னேன். படுக்கணும்னேன். பாத்ரூமுக்கு ரெண்டு தடவ போனேன். அவளுக்கும் சேத்துத்தான் கேட்டேன்." பஸ் எங்கேயோ நின்று மறுபடி இழுத்தது. அவர் அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டா எல்லாம் குடுக்கிறாங்க கண்ணு. யாரும் ஒன்னும் சொல்லல."